தூக்கியெடுத்தல், இறக்கிவைத்தல்: கடல் மீட்பு என்னும் சொல்லாடல் குறித்து

அடகு வைத்த நகையை மீட்கிறோம். பறிபோன நிலத்தை மீட்கிறோம். விவிலியத்தில் மீட்பர் வருகிறார். தமிழில் ‘மீட்பு’ என்ற சொல்லுக்குள் எப்போதுமே ஒரு உடைமையாளர் ஒளிந்திருக்கிறார். மீட்கப்படுவது முன்னமே யாருக்கோ சொந்தமாக இருந்தாக வேண்டும், சொந்தமில்லாததை யாரும் மீட்பதில்லை. நடுக்கடலில் தத்தளித்த அகதிகளைக் கடற்படை மீட்டது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம், இந்த ஜனங்கள் இப்போது யாருடைய கணக்கில் வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அசட்டுக் கேள்விதான். ஆனால் மீட்புக்கு அப்புறம் நடப்பதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

கடல்சட்டம் பார்வைக்குத் தாராளமானது. ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு, கடலில் உயிராபத்தில் இருக்கும் எவரையும் கப்பல் தலைவர் காப்பாற்ற வேண்டும் என்கிறது. 1979இன் தேடல் மீட்பு உடன்படிக்கை இன்னும் வெளிப்படையாக, ஆள் எந்த நாடு, என்ன அந்தஸ்து என்று பார்க்காமல் உதவச் சொல்கிறது. இரண்டையும் இந்தியா ஏற்றிருக்கிறது. 2004இல் வந்த திருத்தம், மீட்கப்பட்டவர்களைப் ‘பாதுகாப்பான இடத்தில்’ சேர்ப்பிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. ஆனால் அந்த இடம் எந்த நாட்டில், எந்தத் துறைமுகத்தில்? அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அரசு மற்றவர்களோடு ஒத்துழைத்து ஏற்பாடு செய்ய வேண்டுமாம். தூக்கியெடு என்பதை உரக்கச் சொல்கிற சட்டம், எங்கே இறக்கிவை என்ற இடத்தில் முணுமுணுக்கிறது. கப்பல் தலைவனும் மாலுமிகளும் முதல் பாதியைச் செய்துவிடலாம். இரண்டாம் பாதி அவர்கள் கையில் இல்லை.

இரண்டு கப்பல் சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. கொரோனா முடக்கத்தில் சிக்கிய மீனவர்கள், பெரும்பாலும் நம்ம ஊர்க்காரர்கள். பகைக் கரையில் துருப்புகளை இறக்கக் கட்டிய கப்பல் மீனவர்களைக் கொண்டுவந்து சொந்தக் கரையில் இறக்கியது. யாரை, எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. பாஸ்போர்ட் அந்தக் கேள்வியை முன்கூட்டியே தின்றுவிட்டிருந்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரி. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலிருந்து ரோஹிங்கியாக்களோடு கிளம்பிய படகு ஒன்று என்ஜின் பழுதாகி அந்தமான் கடலில் மிதந்தது. இந்தியக் கடலோரக் காவல்படை கண்டுபிடித்தபோது 8 பேர் இறந்திருந்தார்கள், 81 பேர் உயிரோடு இருந்தார்கள். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் கொடுத்தார்கள். மாலுமிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரை மட்டும் கொடுக்கப்படவில்லை. வங்கதேசம் அழைத்துக்கொள்ளட்டும் என்றது டில்லி, எங்களுக்கு அந்தக் கடமை இல்லை என்றது டாக்கா. அந்த 81 பேர் ஜூன் மாதம் இந்தோனேசியாவின் ஆச்சே பக்கத்தில் ஒரு குட்டித் தீவில் போய் ஒதுங்கினார்கள். காப்பாற்றப்பட்டவர்கள்தான், ஆனால் மீட்கப்படவில்லை. யாருக்கும் சொந்தமில்லையே.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 ஈழத்தமிழர்கள் ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் 50 பேர் குழந்தைகள். படகு ஓடும் நிலையை இழந்தது. ஆஸ்திரேலியாவின் எல்லைக்காவல் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மாசம் கடலிலேயே அடைத்து வைத்தது. இந்தியாவில் இறக்கிவிடலாம் என்று இந்தப் பக்கம் கொண்டுவந்தும் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள். அப்படி அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. மீட்புக்கப்பலுக்கும் சிறைக்கப்பலுக்கும் வித்தியாசம் மரத்திலோ இரும்பிலோ இல்லை, இறங்க விடுகிறார்களா என்பதில் இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலத்துப் பைத்தியக்காரர்களின் கப்பலைப் பற்றி எழுதிய மிஷெல் பூக்கோ, கடலுக்குள் விடப்பட்டவன் பயணத்துக்கே கைதியாகிவிடுவதைக் கவனித்திருந்தார். அதைப் படிமம் என்று படித்தவர்கள் நாம். இங்கே அது நிர்வாக நடைமுறை.

நான் இதை எழுதுவது சடையங்குப்பம் பர்மா நகரிலிருந்து. மணலி ஆலைகளுக்கு அந்தாண்டை, கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒட்டிய தாழ்வான நிலம். என் அம்மா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது வயசு பதினொன்று. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகண்ணிகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. நகையையும் பணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த அந்த ஜனங்களுக்கு இங்கே வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அம்மா பிறந்தது பெகுவில். பார்த்தேயிராத ஊருக்குத் ‘திரும்பி’னாள். “கப்பலுக்குள்ள இருந்தவரைக்கும் நாம யாருன்னே புரியல. எறங்கினப்புறம் அவங்கதான் பேர் வச்சாங்க” என்பாள்.

அந்தப் பேர் சாதாரணமானதல்ல. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட மலையகத் தமிழரும் ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். 1983க்குப் பிறகு அதே கடலைத் தாண்டி, அதே தமிழைப் பேசிக்கொண்டு மண்டபத்தில் வந்து இறங்கியவர்கள் ‘அகதிகள்’ ஆனார்கள். முந்தியவர்களுக்கு மண்டபம் முகாம் ஒரு வழித்தங்கல், பிந்தியவர்களுக்கு அதுவே முகவரி. இறங்கியவர்களின் துன்பத்தை நிறுத்துப் பார்த்து இந்த வகைப்பாடு வந்ததில்லை. அரசு கையில் வைத்திருந்த காகிதம் எது என்பதிலிருந்து வந்தது. நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம், அவ்வளவுதான். பர்மா நகர்க்காரர்களான நாங்களே ரோஹிங்கியாக்களைப் பற்றிப் பேசும்போது சட்டென்று “அவங்க வேற” என்கிறோம். எங்களுக்குக் கிடைத்த சொல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும் பயம் அது. எனக்கும் உண்டு.

வெள்ளம் எங்களுக்குப் பழக்கம். பூண்டியில் தண்ணீர் திறந்தால் இங்கே அடுப்பு மிதக்கும். அப்படி ஒரு வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் ஃபைபர் படகு கொண்டுவந்த மீனவர் ஒருவர், மொட்டைமாடிப் படிக்கட்டில் நின்ற அம்மாவிடம், “கைய குடு ஆயா, அப்பால பேசிக்கலாம்” என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. கொண்டுபோய் இறக்கியது ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கே வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் முதலில் கேட்டது, “ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கா?” கார்டு தண்ணிக்குள் இருந்தது. ஈரப்புடவையோடு அம்மா அரைமணி நேரம் நின்றாள். அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அவரும் அதன் ஆள்தான்.

படகுக்காரருக்கும் மேஜைக்காரருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில அடி தூரத்தைத்தான் கோட்பாடு பேசியாக வேண்டும். 1981இல் ஜெனீவாவில், வியட்நாம் படகு மக்களுக்காக பூக்கோ ஒரு சிறு அறிக்கை வாசித்தார். எங்களை யாரும் நியமிக்கவில்லை, ஆளப்படுகிறவர்கள் என்ற ஒரே தகுதியில் பேசுகிறோம், மனிதரின் துயரத்துக்கு அரசுகள் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். மனித மையவாதத்தைக் கட்டுடைத்தவர் இப்படிப் பேசலாமா என்று இங்கே சில நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. ஃபைபர் படகுக்காரரையும் யாரும் நியமிக்கவில்லை.

மேஜையின் அதிகாரம் இன்னும் தூரம் போகக்கூடியது. டில்லியில் பிடித்த சுமார் நாற்பது ரோஹிங்கியாக்களைக் கடற்படைக் கப்பலில் ஏற்றி, மியான்மர் கரைக்கு அருகே லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கடலில் இறக்கிவிட்டதாக 2025 மே மாதம் புகார் எழுந்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் விசாரிக்கப்போவதாக அறிவித்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் கதையை நம்ப மறுத்தது. உண்மை வெளிவரட்டும். ஆனால் மீட்புக் கருவியான லைஃப் ஜாக்கெட்டை வெளியேற்றும் கருவியாகவும் கற்பனை செய்ய முடிகிறது என்பதே மீட்புச் சொல்லாடலின் உள்தையலைக் காட்டுகிறது.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்தது. முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள் ஊர் ஜனங்கள். 2009இல் அதே கரையிலிருந்துதான் காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. இப்போது இலங்கைக் கடற்படை வந்து படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “எங்கடா எறக்கினாங்க?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. பிறகுதான் செய்தி வந்தது, கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று. தங்கள் காணியைப் படையிடமிருந்து திருப்பிக் கேட்டுக் கேப்பாப்புலவு ஜனங்கள் 2017இலிருந்து முகாம் வாசலில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். ரோஹிங்கியாக்களைத் திருப்பி அனுப்பாதே என்று முல்லைத்தீவில் ஊர்வலம் போனவர்களும் தமிழர்கள்தான்.