இரவு வானில் கண்ணை நம்பலாமா?

மேகமில்லாத இரவில் மாளிகாவத்தைத் தொடர்மாடிகளின் மேல்தளத்தில் நின்று வடமேற்கே பார்த்தால், கடலுக்கு மேலே வெளிச்சப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவது தெரிவதுண்டு. தென்மேற்கிலிருந்து கட்டுநாயக்கவின் 04 ஓடுபாதைக்கு வரும் விமானங்கள் அவை. முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் இடையில் எத்தனை கிலோமீற்றர் என்று நம்மால் சொல்ல முடியாது. விமானி அறையில் இருப்பவருக்கும் இரவில் அது கடினம்தான். ஆனாலும் உலகின் நெரிசலான சில விமான நிலையங்கள் அந்தக் கண்ணை நம்பியே விமானங்களை இறக்குகின்றன.

வழக்கமான ஏற்பாடு வேறு. விமான நிலையத்தை அண்டிய வானில் இரண்டு விமானங்களுக்கு இடையில் குறைந்தது 3 கடல் மைல், அல்லது உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். அதை ராடர் திரையில் பார்த்துக் காப்பது தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் வேலை. முன்னால் போவது போயிங் 777 போன்ற பாரமான விமானம், பின்னால் வருவது ஏ320 என்றால் இடைவெளி 5 கடல் மைலாகும். பெரிய இறக்கைகள் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல் சிறியதைப் புரட்டிவிடக்கூடும். இறங்கும் வேகத்தில் 3 கடல் மைல் என்பது ஒன்றேகால் நிமிடம். 5 கடல் மைல் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

வானம் தெளிவாக இருந்தால் கட்டுப்பாட்டாளர் இன்னொரு வழியை எடுக்கலாம். முன்னால் போகும் விமானம் தெரிகிறதா என்று கேட்பார். விமானி 'தெரிகிறது' என்றதும், அதிலிருந்து விலகி நிற்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும். காற்றுச் சுழலைத் தவிர்ப்பதும் அவர் பாடு. அதுவரை இருந்த 3 மைல், 5 மைல் கணக்கு அந்த ஒரு சொல்லோடு விலகிவிடுகிறது.

ஏன் இந்த ஏற்பாடு? இடம் போதவில்லை, அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கு நடுவே 750 அடிதான். விமானிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் இரண்டிலும் சோடி சோடியாக இறக்குவது வழக்கமாக இருந்தது. பனிமூட்டம் வந்தால் வரவு ஏறக்குறைய பாதியாகிவிடும். 2023 ஒக்டோபரில் மியூனிக்கிலிருந்து அங்கு வந்த லுஃப்தான்சா ஏ350 விமானம், இரவில் கண்பார்வையால் இடைவெளி காக்க நிறுவன விதி அனுமதிக்காது என்று சொல்லி, கருவி வழித் தரையிறக்கம் கேட்டது. காத்திரு என்றார்கள். சுற்றிச் சுற்றிக் காத்திருந்த பின் அது வளைகுடாவின் மறுகரையில் உள்ள ஓக்லாந்தில் போய் இறங்கியது. விமானிகள் பிடிவாதம் பிடித்தார்கள் என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. என் கணக்கில் அவர்கள் செய்தது சரி.

'தெரிகிறது' என்பதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: தெரிவது சரியான விமானம்தானா? கடைசிவரை தெரியுமா? 1978 செப்டெம்பர் 25 அன்று சான் டியேகோவில், பட்டப்பகலில், பிஎஸ்ஏ 182 பயணிகள் விமானத்தின் விமானிகள் முன்னால் இருந்த சிறிய செஸ்னாவைக் கண்டதாகச் சொன்னார்கள். பிறகு அது கண்ணில் படவில்லை. தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தரைக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னா அவர்களுக்குக் கீழே, முன்னால்தான் இருந்தது. இரண்டும் மோதின. இறந்தவர்கள் 144 பேர்.

இரவு இன்னும் மோசம். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைக் கடப்பவர்களுக்கு இது தெரியும்: நேராக நம்மை நோக்கி வரும் விளக்கு இடமும் போகாது, வலமும் போகாது, அதே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகும். வானிலும் மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் அசையாமல் நிற்கும். அசைவதைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். பின்னணியில் நகர விளக்குகளும் இருந்துவிட்டால் எது விமானம், எது தெருவிளக்கு என்று பிரிப்பதே பெரும்பாடு.

2025 ஜனவரி 29 இரவு வொஷிங்டனில் நடந்தது இதுதான். விச்சிட்டாவிலிருந்து வந்த பயணிகள் ஜெட், றீகன் விமான நிலையத்தின் 33ஆம் ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் இராணுவ ஹெலிகொப்டரிடம் சொன்னார். தெரிகிறது, பார்வையால் விலகிக்கொள்கிறோம் என்று அங்கிருந்து பதில் வந்தது, அனுமதியும் கிடைத்தது. ஜெட்டுக்குப் பின்னால் கடந்து போ என்ற கட்டளையின் ஒரு பகுதி, அதே நொடியில் ஹெலிகொப்டரின் ஒலிவாங்கி அழுத்தப்பட்டிருந்ததால், அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. ஏறத்தாழ 300 அடி உயரத்தில் மோதல். 67 பேரும் இறந்தனர். விமானங்கள் நெருங்கினால் எச்சரித்து ஏறு, இறங்கு என்று சொல்லும் டீகாஸ் கருவி ஜெட்டில் இருந்தது. எச்சரிக்கையும் ஒலித்தது. ஆனால் அத்தனை தாழ்வில் அது 'ஏறு, இறங்கு' கட்டளை தராது. தரைக்கு அருகில் அந்தக் கட்டளையே ஆபத்தாகலாம்.

அது தற்செயலும் அல்ல. 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரை அந்த ஒரே நிலையத்தைச் சுற்றி, விமானமும் ஹெலிகொப்டரும் ஒரு கடல் மைலுக்கும் 400 அடி உயர வித்தியாசத்துக்கும் உள்ளே நெருங்கிய தடவைகள் 15,214 என்று விசாரணையாளர்கள் எண்ணினார்கள். அவற்றில் 85 தடவை 1,500 அடிக்கும் குறைந்த தூரம், 200 அடிக்கும் குறைந்த உயர வித்தியாசம்.

கட்டுநாயக்கவுக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. சான் பிரான்சிஸ்கோவின் சோடித் தரையிறக்கம் இங்கு வராது. ஆனால் விமானப்படையும் அதே ஓடுபாதையைப் பகிர்கிறது. தெற்கே இரத்மலானையில் பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் கண்ணை நம்பியே பறக்கின்றன. ஆகவே சிறியதும் பெரியதும், சிவிலும் இராணுவமும் ஒரே வானில் கலக்கும் கேள்வி நமக்கும் உண்டு. 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்பு வந்த யுஎல் 504 விமானத்தை, துருக்கி வானில் 35,000 அடிக்கு ஏறச் சொன்னார்கள். அந்த உயரத்தில் இன்னொரு விமானம் அருகில் இருப்பதைக் கருவியில் கண்ட விமானிகள் ஏற மறுத்தார்கள். அவர்களின் விழிப்பைப் பாராட்டி ஸ்ரீலங்கன் நிறுவனம் அறிக்கை விட்டது. இங்கே காப்பாற்றியது சன்னல் வழியே பார்த்த கண் அல்ல. திரையில் பார்த்த கண்.

அருகில் பறக்கும் விமானங்களின் இடம், உயரம், வேகம் மூன்றையும் விமானி அறையிலேயே காட்டும் 'ஏடிஎஸ்-பி இன்' என்ற வசதி புதிதல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வருடக்கணக்காக அதைக் கேட்டுவருகிறது. வொஷிங்டனில் அன்று இறங்கவந்த ஜெட்டில் அது இருக்கவில்லை. ஹெலிகொப்டரோ தன் இடத்தை அந்த முறையில் ஒலிபரப்பவே இல்லை.