பேட்டரி முனையில் நீலப் பொடி பூப்பது ஏன்?

உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியின் முனையைப் பாருங்கள். நீலப் பச்சையாகப் பொடி படிந்திருக்கிறதா?

உள்ளே இருப்பது கந்தக அமிலம் கலந்த நீர். சார்ஜ் ஏறும்போது அதில் வாயுக் குமிழ்கள் கிளம்பும். கொதிக்கும் ரசம் அடுப்பைச் சுற்றித் தெறிப்பதுபோல, உடையும் குமிழ்கள் அமிலத் துளிகளை வெளியே வீசும்.

அவை செம்பை அரித்தால் நீலப் பொடி. ஈயத்தை அரித்தால் வெள்ளைப் பொடி. இரண்டுமே மின்சாரம் பாய்வதைத் தடுக்கும்.

பொடியை நீக்கி, மீண்டும் படியாமல் தடுப்பது எப்படி? மின்சாரத்தையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி.

சமையல் சோடா கரைசலைத் தொட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள். நுரை அடங்கினால் அமிலம் முறிந்துவிட்டது. கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது.

துடைத்து உலர்த்தி, இறுக்கமாக மாட்டி, மேலே வாசலின் பூசுங்கள். இனி அமிலமும் ஈரமும் உலோகத்தை எளிதில் நெருங்காது.