கணினியின் கடிகாரமும் கணக்குத் தாக்கலும்

மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் கடை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். கணினியைத் திறந்தால், ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்கிறது திரை. என்ன செய்வீர்கள்?

பலர் உடனே மெக்கானிக்கை அழைப்பார்கள். ‘ஃபார்மட்’ செய்துவிட்டால், நகல் எடுக்காத கணக்கெல்லாம் போய்விடும், கோளாறும் தீராது. தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.50 கட்டணம், வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

கணினியின் தேதி தவறாக இருந்தாலே இப்படி நேரும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற சான்றிதழ் உண்டு. கணினி அதைத் தன் தேதியோடு ஒப்பிடும். தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

தேதி ஏன் மாறுகிறது? கணினிக்குள் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று உள்ளது. பலவற்றில் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறோம். விடியும் வரை கடிகாரத்தை ஓட்டுவது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்தால் தேதி பின்னே போகும். பில்லிலும் தவறான தேதியே விழும். ரிச்சி தெருவில் சொற்ப விலைக்கு அது கிடைக்கும்.

இத்தகைய எச்சரிக்கைகள் பலவற்றுக்குக் காரணம் இணையதளமல்ல, பயனாளரின் கணினிக் கடிகாரமே என்று கூகுள் பொறியாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2017-இல் காட்டியது. அவர்களின் குரோம் இப்போது தவறைத் தானே கண்டுபிடித்து, ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்ற பொருளில் சொல்லி, தேதியைத் திருத்தவும் வழிகாட்டுகிறது. மருந்து எங்கே என்று சொல்லும் எச்சரிக்கையே பயன் தரும்.

பில்லிங் மென்பொருள் வாங்கும்போது நாமும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் பிழை எண் காட்டினால் போதாது. ‘தேதி தவறு’, ‘பிரின்டர் இணைப்பு இல்லை’ என்று நமக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

வணிக அன்பர்களே! தினமும் முதல் பில் போடுமுன் தேதியைப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் அதை முழுதும் படித்து, எழுதி வைத்துக்கொண்டு பிறகு மெக்கானிக்கை அழையுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.