குடிவருகிறவர்கள் அதிகாரிகள் மட்டும்தானா?

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் போய்வரும் சகோதரிகளுக்குப் பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டடம் நன்றாகத் தெரிந்திருக்கும். தென்னாற்காடு ஜில்லாவாக இருந்த காலத்திலிருந்தே கடலூர்தான் தலைநகர். 1993-ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்த பிறகும் கடலூர் மாவட்டத்துக்கு அதுவே தலைநகர். அதனால் கடலூரிலும் சரி, எங்கள் சிதம்பரத்திலும் சரி, வயதான அரசுக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு இலாகா புதுக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விடும். பழையது கொஞ்ச காலம் பூட்டிக் கிடக்கும். பிறகு வேறொரு இலாகா குடிவரும். வருவதற்கு முன் மராமத்து வேலை நடக்கும். அந்த மராமத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு 74 வயது. மாமனார் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் விஷயமாக அவரை ஒரு அலுவலகத்துக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்பது எதற்கு? பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் குடிவந்தவர்கள் அவர்கள். முன்பு அங்கே அகலமான வராந்தா உண்டு. வருகிறவர்கள் திண்ணையில் உட்காருவதுபோல அங்கே உட்கார்ந்து காத்திருப்பார்கள். மராமத்தில் அந்த வராந்தாவை அலுமினியத் தடுப்பு போட்டு அடைத்து, ஃபைல் வைக்கும் அறையாக ஆக்கிவிட்டார்கள். அதிகாரி அறைக்கு ஏ.சி., மற்ற அறைகளுக்கு ஃபால்ஸ் சீலிங், தரைக்குப் பளபளவென்று டைல்ஸ். ஜனங்கள் நிற்பது மட்டும் வெயிலில்!

ஒரு மழை நாளில் ஈரக் காலோடு உள்ளே நுழைந்த மாமியார், வாசல் டைல்ஸில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. முகம் கழுவித் தண்ணீர் கொடுக்கலாம் என்று பார்த்தால் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, ''அது ஸ்டாஃபுக்கும்மா'' என்று பதில் வந்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் கிடந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அங்கே போனதே அவருக்குச் சேர வேண்டிய பணத்துக்காக!

அந்த அலுவலகத்தின் புதுப் பூச்சு இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சுவரெல்லாம் உப்பு பூத்து, சில்லு சில்லாக உதிர்கிறது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த வயதான கொத்தனாரிடம் காரணம் கேட்டேன். ''பழைய சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும்மா. மழையில ஈரத்தை இழுத்துக்கும், வெயில் வந்தா விட்டுடும். அது மேல சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சிட்டா, உள்ள போன ஈரம் எப்படி வெளிய வரும்? நம்ம பக்கம் கடல் காத்து வேற. உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளிடும்'' என்றார்.

சுடுசோற்றை டப்பாவில் போட்டு இறுக மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோத்துக்கொள்ளுமே, அதே கதைதான். ஃபால்ஸ் சீலிங்கும் அப்படித்தான். சூடான காற்று மேலே போய் வெளியேறட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் கூரையை உயரமாக வைத்து, சுவரின் உச்சியில் காற்று ஜன்னல் விட்டார்கள். நடுவே ஒரு போலிக் கூரையைக் கட்டினால் காற்றும் போகாது, மேலே ஒழுகுவதும் கண்ணில் படாது. 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015-ல் பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் நம்முடையது. ஒழுகலை மறைத்து வைத்தால் கட்டடத்துக்குத்தான் ஆபத்து.

ஒழுங்காகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் 1768-ல் கட்டிய அரண்மனை பிற்காலத்தில் அரசு அலுவலகங்கள் நடக்கும் இடமாயிற்று. அதில் ஒரு பகுதியான கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். பெண் தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயமடைந்தார். எரிந்து போன அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், பழைய முறைப்படி சுண்ணாம்புக் கலவையைக் கொண்டே பொதுப்பணித்துறை மீட்டெடுத்தது. இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியிருக்கிறது. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் பக்குவம் நம் கொத்தனார்களுக்குப் புதிதா என்ன? சிதம்பரத்துப் பழைய வீடுகளைக் கட்டியதும் அந்தக் கைகள்தானே!

சுவரைப் பழையபடி காப்பாற்றுங்கள். அதோடு, வாசலில் காத்திருக்கும் எங்களையும் குடிவருகிறவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பெரிய செலவொன்றும் இல்லை. வராந்தாவை அடைக்காமல் நாலு பெஞ்ச் போடலாம். வாசலுக்குச் சொரசொரப்பான கல் போதும், வழவழ டைல்ஸ் வேண்டாம். பொதுமக்களுக்கென்று பூட்டாத கழிப்பறை ஒன்று, அதில் தண்ணீர். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு ஒரு மறைவான மூலை. 2015-ல் பஸ் நிலையங்களிலேயே பாலூட்டும் அறை திறக்க முடிந்ததே!

சாய்தளமும் அவசியம். பொதுக் கட்டடங்களில் மாற்றுத் திறனாளிகள் சிரமமின்றி வந்துபோக வழி செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் பல இடங்களில் மூன்று படிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சறுக்கலைப் போட்டுவிட்டு, ''போட்டாச்சு'' என்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். ஒன்றரை அடி வாசலுக்குப் பதினெட்டு அடி. இல்லாவிட்டால் சக்கர நாற்காலியை யாரால் தள்ள முடியும்?

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஏதாவது பழைய ஆபீசில் சாரம் கட்டுவதைப் பார்த்தால் சும்மா கடந்து போய்விடாதீர்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால், ''அடுத்த மராமத்தில் பார்க்கலாம்'' என்பார்கள். சாரம் நிற்கும்போதே நாலு பேராகச் சேர்ந்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். கழிப்பறையும் சாய்தளமும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். நம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்? இதுவும் நம் வரிப்பணத்தில் நடக்கும் வேலைதானே!

- ஒரு வாசகி, சிதம்பரம்.