கிணற்று நீரும் கல்லூரி ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்பது பட்டங்கள் பல பெற்ற பின்னரே தொடங்கத் தக்கது என்று கருதுவோர் பலர். நான் அக்கருத்தை ஒப்புவதில்லை. 1928ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் இளங்கலை பயின்ற சந்திரசேகர் அவரை நேரிற் கண்டு, புதிய இயற்பியலைப் பற்றிக் கேட்டறிந்தார். அடுத்த ஆண்டே அம்மாணவருடைய கட்டுரை இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியுமா என்பீர்கள். ஆக வேண்டுவதில்லை. ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவருக்கு ஆராய்ச்சிப் பொருள் ஊர்க் கிணற்றிலேயே கிடக்கிறது. அங்குள்ள பாறைகளின் சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரிற் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சினால் குழந்தைகளின் பற்களிற் கறை படியக்கூடும். மிகுதியாக நெடுநாள் பருகினால் எலும்பும் கெடும். இக்கேட்டைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது.

சோதனை எளியது. சிர்க்கோனியம் கலந்த செந்நிறச் சாயத்தை நீரிற் சேர்த்தால், ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைப் பற்றிக்கொள்ள, நிறம் வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவி காட்டிவிடும். ஃபுளோரைடு கண்ணாடியோடும் உறவாடக் கூடியதாகையால், நீரைப் பிளாஸ்டிக் புட்டியிலேயே கொணர்தல் வேண்டும். இத்தகைய நுட்பங்களை ஆசிரியர் அருகிருந்து சொன்னால்தான் மனத்தில் நிற்கும்.

அதனினும் பெரிய உதவி ஒன்றை அவர் செய்வார். மாணவர் எழுதிக் காட்டும் எண்ணை உடனே நம்பமாட்டார். கோடையில் எடுத்த நீரும் மழைக்குப் பின் எடுத்த நீரும் ஒரே அளவு காட்டுமா என்று கேட்பார். மாணவர் புட்டியுடன் மறுபடியும் அதே கிணற்றுக்குப் போக வேண்டியதுதான்.