சுட்ட காயில் ஒரு கிண்ணம் சூப்பு

மாலை ஐந்து மணி. மூணாறு மலையில் மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த பெண்கள் லயத்துக்குத் திரும்புகிறார்கள். தலையில் போட்ட பிளாஸ்டிக் தாளிலிருந்து நீர் சொட்டுகிறது. விரல்கள் விரைத்துப் போயிருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன? அடுப்பு மூட்டுவது. அடுத்த வேலை? கட்டன் சாயா போடுவது.

சாயா குடித்தால் குளிர் கொஞ்சம் விடும். ஆனால் பசி ஆறாது. சோறும் குழம்பும் ஆக இரவு எட்டு மணி ஆகிவிடும். அதுவரை வயிறு வெறும் சாயாவில் நிற்கிறது. பல வீடுகளில் அன்றாடம் நடப்பது இதுதான்.

அதே அடுப்பில், அதே தணலில், இன்னொன்றும் செய்யலாம். காய்களைச் சுட்டு, பருப்புடன் கடைந்து, மிளகு போட்டுச் சூப்பு வைக்கலாம். அது குளிரையும் போக்கும். பசியையும் ஆற்றும். உடம்புக்குச் சத்தும் தரும்.

சூப்பு நமக்குப் புதிதா?

சூப்பு என்றதும் ஓட்டல் நினைவுக்கு வரும். பணக்காரர் வீட்டுப் பண்டம் என்று சிலர் நினைப்பார்கள். அது சரியல்ல.

நம் வீடுகளில் மிளகுத் தண்ணீர் உண்டு. ரசம் உண்டு. ஆங்கிலேயர் இந்த நாட்டுக்கு வந்தபோது மிளகுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அதைத் தங்கள் விருப்பப்படி மாற்றிச் சூப்பாக்கினார்கள். 'மிளகுத் தண்ணீர்' என்ற சொல் அவர்கள் வாயில் 'முல்லிகட்டானி' ஆனது. இன்றும் அந்தப் பெயரில் பல நாடுகளில் சூப்பு விற்கிறது. பெயர் நம்முடையது. மிளகும் நம் மலையில் விளைவது.

காயைச் சுடுவதும் நமக்குப் புதிதல்ல. கத்திரிக்காயைத் தணலில் சுட்டுத் துவையலும் கொத்சும் செய்கிறோம். கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுடுகிறோம். இந்த இரண்டு பழக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், அதுதான் சுட்ட காய் சூப்பு.

விளைவது நம் ஊரில்

இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வட்டவடையும் காந்தல்லூரும் இருக்கின்றன. அங்கே மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு எல்லாம் விளைகின்றன. கேரளத்தின் மற்றப் பகுதிகளில் இவை எளிதில் விளைவதில்லை. இந்த மலையின் குளிர்தான் காரணம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வேறு மாதிரி. அது வெயில் பூமி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தக்காளியும் பலவகை நாட்டுக் காய்களும் பயிராகின்றன.

அதே மாவட்டத்தில் அட்டப்பாடி இருக்கிறது. அதன் கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். துவரையும் ராகியும் அவர்களுடைய பழைய பயிர்கள்.

காந்தல்லூர் வட்டவடைப் பூண்டுக்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022–23ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்றால் என்ன? 'இந்தப் பொருள் இந்த ஊரில் விளைந்தது, இதன் குணம் தனியானது' என்று அரசு பதிவு செய்து தரும் அடையாளம் அது.

ஊரில் நல்ல பொருள் விளைகிறது. ஆனால் விளைவிக்கிற வீட்டுக்காரர்களின் வயிற்றுக்கு அது போகிறதா? நல்ல கேரட் எல்லாம் மூட்டையில் ஏறி சந்தைக்குப் போகிறது. சிறுத்த கேரட், இரண்டாகப் பிளந்த கேரட், தோல் வெடித்த தக்காளி ஆகியவற்றை வியாபாரி ஒதுக்கிவிடுகிறார். அவை மாட்டுக்குப் போகின்றன. இல்லாவிட்டால் குப்பைக்குப் போகின்றன.

வடிவம் கெட்டால் சத்து கெடாது. அழுகாமல், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் போதும். சூப்புக்கு அந்தக் காய்களே நல்லவை.

ஏன் சுட வேண்டும்?

காயை நீரில் வேக வைக்கலாம். அப்படியும் சூப்பு வரும். ஆனால் சுட்டால் சுவை கூடும். அதற்குக் காரணம் உண்டு.

காய்க்குள் நிறைய நீர் இருக்கிறது. சுடும்போது அந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. அதனால் காயில் உள்ள இனிப்பு திரண்டு நிற்கிறது. மேல்புறம் பழுப்பாகிறது. அந்தப் பழுப்பில்தான் நல்ல மணம் பிறக்கிறது. பச்சைப் பூண்டின் காரம் அடங்கி, வெண்ணெய் போல் மென்மையாகிறது. தக்காளியின் புளிப்பு தணிகிறது.

ஆனால் கருகவிடக் கூடாது. கருகினால் கசக்கும். கருகிய தோலை உரித்து எறிந்துவிட வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

இது நான்கு பேருக்கு உள்ள அளவு.

தக்காளி – 300 கிராம் (நடுத்தர அளவில் நான்கு)
கேரட் – 200 கிராம்
பரங்கிக்காய் – கால் கிலோ
சின்ன வெங்காயம் – 100 கிராம்
வெள்ளைப்பூண்டு – ஒரு முழுப் பூண்டு
துவரம்பருப்பு – 100 கிராம்
மிளகு – அரைத் தேக்கரண்டி
சீரகம் – அரைத் தேக்கரண்டி
எண்ணெய் – இரண்டு தேக்கரண்டி
எலுமிச்சை – பாதிப் பழம்
கீரை – ஒரு கைப்பிடி
உப்பு – தேவைக்கு
தண்ணீர் – ஐந்து டம்ளர்

எல்லாக் காயும் வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பதைப் போடலாம். பரங்கிக்காய் இல்லையா? உருளைக்கிழங்கு போடலாம். ஆனால் பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு ஆகாது. அதில் நச்சுப்பொருள் கூடியிருக்கும்.

செய்யும் முறை

1. பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேக வையுங்கள்.

2. காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணும் மருந்தும் ஒட்டியிருக்கும்.

3. பருப்பு வெந்ததும் அடுப்பில் தீ அணைந்து தணல் மட்டும் இருக்கும். புகை நிற்கட்டும். பிறகு கேரட்டையும் பரங்கித் துண்டையும் தணலில் வையுங்கள். அடிக்கடி திருப்பிவிடுங்கள். இருபது நிமிடம் போல ஆகும். கத்தியால் குத்தினால் எளிதாக இறங்க வேண்டும்.

4. பாதி நேரம் ஆனதும் பூண்டையும் வெங்காயத்தையும் தோலோடு வையுங்கள். கடைசியில் தக்காளியை வையுங்கள். தோல் சுருங்கி வெடித்தால் எடுத்துவிடலாம்.

5. ஆறியதும் சாம்பலைத் துடைத்து, தோலை உரியுங்கள். வெந்த பருப்போடு சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்சி இருந்தால் அதில் அரைக்கலாம். இல்லாவிட்டாலும் குறை இல்லை.

6. மீதி இரண்டு டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். கீரையை நறுக்கிப் போட்டு ஐந்து நிமிடம் வேகவிடுங்கள்.

7. எண்ணெயைக் காய வைத்து, பொடித்த மிளகையும் சீரகத்தையும் தாளித்துக் கொட்டுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

காஸ் அடுப்பு உள்ளவர்கள் காயைத் துண்டாக்கி, இரும்புத் தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் சுடலாம்.

சக்கையை எறியாதீர்கள்

சிலர் சூப்பை வடிகட்டுவார்கள். தெளிந்த நீரை மட்டும் குடிப்பார்கள். சக்கையைக் கொட்டிவிடுவார்கள். அது பெரிய தவறு. நார்ச்சத்தும் பருப்பும் சக்கையில்தான் இருக்கின்றன. தெளிந்த நீரில் மிஞ்சுவது உப்பும் காரமும் கொஞ்சம் சத்தும்தான். சூப்பு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழ வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒருவர் 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தச் சூப்பில் ஒருவர் பங்குக்கு அதில் ஏறக்குறைய பாதி கிடைக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. நான்காகப் பிரித்தால் ஒருவருக்கு ஐந்து கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையில் இருப்பதைவிட இது கொஞ்சம்தான் குறைவு.

கேரட், பரங்கி, கீரை ஆகியவற்றிலிருந்து நம் உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. வைட்டமின் ஏ மிகக் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். இந்தச் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். தாளிப்பது வாசனைக்கு மட்டும் அல்ல என்பது இதனால் விளங்கும்.

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள அது உதவுகிறது. கொதிக்கும்போது பிழிந்தால் அது குறைந்துவிடும். அதனால்தான் இறக்கிய பிறகு பிழிய வேண்டும்.

சாயா இதற்கு நேர்மாறான வேலை செய்கிறது. சாப்பாட்டோடு சாயா குடித்தால், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. தேயிலை பறிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்கு எப்படி?

பல் இல்லாத முதியவர்கள், காய்ச்சல் விட்டு எழுந்தவர்கள் ஆகியோருக்கு இது எளிதாக இறங்கும். அவர்களுக்கு மிளகைக் குறைத்துக் கொடுக்கலாம்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்க வேண்டும். பொதுவாகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது. கடையில் விற்கும் சூப்புப் பொடிகளில் உப்பு அதிகம். வீட்டுச் சூப்பில் உப்பு நம் கையில் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடிக்க வேண்டும்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். சூப்பு கூடாது. ஆறு மாதம் முடிந்த பிறகு உப்பும் காரமும் போடாமல், கெட்டியாக மசித்து ஊட்டலாம். நீர்த்த சூப்பு கொடுத்தால் குழந்தையின் சிறிய வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும்.

சூப்பு மருந்து அல்ல. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்தான் வேண்டும். காய்ச்சல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தணலில் கவனம்

அடுப்பில் பிளாஸ்டிக்கையோ பெயின்ட் அடித்த பலகையையோ எரிக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜனவரி மாதத்தில் மூணாற்றில் புல்மேல் உறைபனி படியும். குளிர் தாங்காமல் சிலர் தணல் சட்டியை அறைக்குள் வைத்து, கதவை மூடிக்கொண்டு தூங்குவார்கள். ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். சமையல் முடிந்ததும் தணலை நீர் தெளித்து அணைத்துவிடுங்கள்.

முதல் கிண்ணம் யாருக்கு?

2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. தாய்மாரின் சத்துக்குறைவும் இரத்தசோகையும் முக்கியக் காரணங்கள் என்று தெரிய வந்தது. அதன் பிறகு அங்குள்ள ஊர்களில் சமூகச் சமையலறைகள் தொடங்கப்பட்டன. குடும்பஸ்ரீ பெண்கள் அவற்றை நடத்தினார்கள்.

துவரை விளைந்த மண்ணிலேயே தாய்மார் சத்தில்லாமல் மெலிந்தார்கள். வறுமையும் நிலம் கைவிட்டுப் போனதும் பழைய பயிர்கள் குறைந்ததும் அதற்குப் பின்னால் இருந்தன. ஒரு கிண்ணம் சூப்பு அவற்றை மாற்றிவிடாது. ஆனால் வீட்டுக்குள் மாற்றக்கூடியது ஒன்று உண்டு.

பல வீடுகளில் சமைத்தவள் கடைசியில் உண்கிறாள். எல்லாரும் உண்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. பருப்பு போய்விடும். காய் போய்விடும். தண்ணீர் நிற்கும். நாள் முழுதும் மலையில் நின்று வேலை செய்தவளும் அவள்தான். வயிற்றில் குழந்தை இருந்தால், அதற்கும் அவளிடமிருந்துதான் சத்து போக வேண்டும்.

ஆகவே இறக்கியதும் சட்டியை நன்றாகக் கலக்குங்கள். அடியில் இருக்கும் பருப்பு மேலே வரட்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் ஊற்றுங்கள். சமைத்தவளும் உட்கார்ந்து குடிக்கட்டும். சந்தைக்கு மூட்டை கட்டும்போது வீட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

வெளியே மழை பெய்யட்டும். உள்ளே எல்லார் கையிலும் ஒரு சூடான கிண்ணம் இருக்கட்டும்.

படித்தோம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்தக் காய்கள் விளைகின்றன? அவற்றில் எவை உங்கள் வீட்டுச் சமையலுக்கு வருகின்றன?
2. சூப்பை ஏன் வடிகட்டக் கூடாது?
3. எலுமிச்சையை எப்போது பிழிய வேண்டும்? ஏன்?
4. உங்கள் வீட்டில் கடைசியில் உண்பவர் யார்? அதை மாற்ற என்ன செய்யலாம்?