கடலில்லா ஊரில் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

திருச்சியை அடுத்த துவாக்குடிக்கும் கடலுக்கும் 70 கிலோமீட்டருக்கு மேல் தூரம். உப்புக்காற்று இங்கே எட்டாது. ஆனாலும் சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி தெரியும் வீடுகள் இங்கும் உண்டு. பெல் ஆலையும், 1964இல் தொடங்கி இன்று என்.ஐ.டி.யாக இருக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தபின் வளர்ந்த ஊர் இது. அந்தக் காலக் கட்டடங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

கம்பியை அரிக்க வழி திறப்பது நாம் மூச்சுவிடும் காற்றுதான். புதுக் கான்கிரீட்டில் காரம் அதிகம், பி.எச். 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகும். காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே புகுந்து கான்கிரீட்டின் சுண்ணாம்போடு வினைபுரிய, பி.எச். 9க்கும் கீழே இறங்குகிறது, படலம் அழிகிறது. பிறகு ஈரம் பட்டால் போதும். கரைந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைத் துரு அடைக்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

ஓரளவு உலர்ந்த கான்கிரீட்டில்தான் வாயு வேகமாகப் புகும். துருவுக்கோ ஈரம் வேண்டும். திருச்சியின் நீண்ட வெயில் முன்னதற்கு, ஐப்பசி மழை பின்னதற்கு. குளியலறைக் கூரையும் தண்ணீர்த் தொட்டியின் அடியும் முதலில் பழுதாவது ஈரத்தால்தான்.

இதில் ஏமாந்துபோக இடமுண்டு. காரம் போன மேற்பரப்பு மெலியாது. சற்று இறுகவே செய்யும். கான்கிரீட்டின் இறுக்கத்தைத் தட்டி அளக்க எர்ன்ஸ்ட் ஷ்மிட் வடிவமைத்த ரீபவுண்ட் சுத்தியல் அங்கே கூடுதல் எண்ணைக் காட்டும். அதை மட்டும் நம்பிக் கட்டடம் திடம் என்று சொல்லிவிடக் கூடாது. புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்க்க வேண்டும். காரமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்தது நிறம் மாறாது.

வாயு இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது. 10 மி.மீ. கடக்க 10 ஆண்டு ஆகும் கான்கிரீட்டில் 20 மி.மீ. கடக்க 40 ஆண்டு ஆகும். கம்பிக்கு அடியில் இடைவெளி தரும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்தினால் அத்தனை ஆண்டும் போச்சு. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பாதியில் விட்டாலும் நுண்துளைகள் பெருகும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி குறைந்தது 7 நாள் கேட்கிறது, கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள்.

பெயர்ந்த இடத்தில் மேலாகப் பூசிப் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும். பிறகு முட்டுக் கொடுத்து, தட்டினால் பொத்தென்று கேட்கும் பகுதி முழுவதையும் கொத்தி, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு இடம் எடுத்து, துருவை முற்றாகச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சேர்த்த கலவையால் நிரப்ப வேண்டும். மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி தேவையா என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.